பின்வளவில் ஆறுமணிக்குருவி

இரத்தினம்மாவைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு முந்திய வாரம், மகன் அபிஷன் வெள்ளவத்தை வீட்டைச் சுற்றி நான்கு கமரா பூட்டுவித்தான். ஒன்று கேற்றுக்கு, ஒன்று முன்கதவுக்கு, ஒன்று பக்கத்து நடைவழிக்கு, ஒன்று பின்வளவுக்கு.

"உங்கட பாதுகாப்புக்குத்தான் பழனியக்கா," என்றான்.

பழனியம்மா தலையாட்டினாள். ஆனால் பின்வளவுக் கமரா குசினிக் கதவையும் அவள் துணி காயப்போடும் கயிற்றையும் அல்லவா பார்த்துக்கொண்டிருந்தது! அவர்கள் போன மறுநாளே அவள் தன் துணிகளைக் குளியலறைக்குள் காயப்போடத் தொடங்கினாள்.

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பதினாலு வயதில் அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவள். இப்போது ஐம்பத்திரண்டு. வீட்டு ஐயா இறந்து ஒன்பது வருடமாகிவிட்டது. இரத்தினம்மாவும் கனடா போய் இரண்டு வருடம். நல்ல விலை வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இரண்டு பக்கமும் ஆறு மாடி, எட்டு மாடி என்று தொடர்மாடிகள் எழும்பிவிட்டன. நடுவில் இந்த ஓட்டு வீடும், அதன் பின்னால் ஒரு மாமரம், ஒரு ஜம்புமரம், இரண்டு பப்பாசி, ஒரு கொய்யா. மதிலுக்கு அந்தப் பக்கத்தில் டோரின் மிஸ்ஸின் வீடு. அதுவும் தப்பி நிற்கும் பழைய வீடுதான்.

வேலை அதிகமில்லை. கூட்டுவது, துடைப்பது, பூட்டிக்கிடக்கும் அறைகளைக் கிழமைக்கு ஒருமுறை திறந்து காற்றுப் பிடிக்க விடுவது. சில நாட்களில் பொழுதுபட்ட பிறகுதான், அன்று முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவளுக்கு நினைவு வரும். அப்போது தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொள்வாள்.

ஒருத்திக்கு மட்டும் சோறு வைக்க அவளுக்குக் கடைசிவரை பழகவில்லை. எப்படி அளந்தாலும் ஒரு கோப்பை மிஞ்சும். அதை மாமரத்தடியில் கொட்டினாள். முதலில் காகங்கள் வந்தன. மூன்றாம் நாள் முப்பது காகம். மதிலுக்கு மேலால் டோரின் மிஸ்ஸின் நரைத்த தலை எழும்பியது.

"என்ன சைல்ட் இது? என் வெள்ளைச் சீலை எல்லாம் நாசம். காகத்துக்கு பார்ட்டி வைக்கிறியா?"

"மன்னிச்சுக்குங்க மிஸ். இனிமே கொட்டமாட்டேன்."

சோறு கொட்டுவதை நிறுத்தினாள். ஆனால் இரண்டு நாள் கழித்து, பழுத்து விழுந்த ஒரு பப்பாசியைக் கொத்திக்கொண்டிருந்த இரண்டு கொண்டைக்குருவிகளைக் கண்டாள். வாலடியில் குங்குமம் வைத்ததுபோல் ஒரு சிவப்பு. அவள் குசினிப் படியில் அசையாமல் நின்றாள். அவை சாப்பிட்டு முடித்து, அலகைக் கொப்பில் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போகும்வரை நின்றாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். பப்பாசியைப் பாதியாக வெட்டி மெல்லிய கம்பியில் கட்டிக் கொய்யாக் கொப்பில் தொங்கவிட்டால், காகத்துக்கு அதில் நிற்க முடியாது. கொண்டைக்குருவி தலைகீழாகத் தொங்கித் தின்னும். பச்சைக் குக்குறுவான் பிடித்துக்கொண்டு ஆறுதலாகத் தின்னும். மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் வெயில் ஏறும் நேரத்தில் குளிக்க வரும். ஆனால் டெங்கு பார்க்க ஆட்கள் வருவார்கள் என்பதால் காலையும் மாலையும் சட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துவிட்டுத்தான் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். செவ்வரத்தைப் பூச்செடியை வெட்டாமல் விட்டால் தேன்சிட்டு வரும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஜம்புமரத்தடியைக் கூட்டாமல் விடுவது. இலை குவிந்து ஈரமாகக் கிடந்தால் புலுனிகள் ஏழெட்டு ஒன்றாக வந்து இலையைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தேடும். ஓயாத சத்தம். ஒன்று கத்தினால் மற்றது பதில் சொல்லும். ஒன்று பறந்தால் எல்லாம் பின்னால் பறக்கும்.

"சிங்களத்தில இதுக்கு தெமலிச்சான்னு பேரு, தெரியுமா?" என்றாள் டோரின் மிஸ், மதிலுக்கு மேலால். காகம் போன பிறகு அவளுக்குக் கோபமும் போய்விட்டிருந்தது. "ஓயாமக் கதைக்கிறதுனால, தமிழ்ப் பொம்பளைன்னு பேர் வச்சிட்டாங்க."

பழனியம்மா சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

ஒக்டோபர் நடுவில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரத்தில், ஜம்புமரத்தடியில் அவள் இதுவரை பார்த்திராத ஒரு குருவி நின்றது. வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டை மட்டும். முதுகு பச்சை, வயிறு மண்நிறம், வாலடியில் நல்ல சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டியதுபோல் அகலமாக ஒரு கறுப்புக் கோடு. நடக்கவில்லை, தத்தித் தத்திப் போனது. ஒரு இலையைத் தூக்கி எறிந்து, தலையைச் சாய்த்து மண்ணைப் பார்த்தது. மதில் ஓரம் போய் இரண்டு தரம் விசிலடித்தது. பின்னேரம் ஆறு மணிக்குத் திரும்பவும் அதே விசில். மறுநாளும் வந்தது. அது மற்றவற்றைப் போல இல்லை, தனி ஆள். கூட ஒன்றும் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் அபிஷன் ஃபோன் எடுத்தான்.

"பழனியக்கா, பின்பக்கம் என்ன நடக்குது? என்ர ஃபோன் நிமிசத்துக்கு ஒருக்கா அடிக்குது. மீட்டிங்கில இருக்கேக்க, கார் ஓடேக்க, எந்த நேரமும். கள்ளனோ எண்டு பாத்தா குருவி!"

"பப்பாசிப் பழம் வைக்கிறேன் தம்பி. அதுக்கு வருதுங்க."

"கமராவுக்கு முன்னால ஏதும் அசைஞ்சா எனக்கு அலேர்ட் வரும். சாப்பாடு வைக்கிறதை நிப்பாட்டுங்கோ. இலையையும் கூட்டி விடுங்கோ. ஆளில்லாத வீடு மாதிரிக் கிடக்கு."

அவள் கூட்டினாள். கம்பியை அவிழ்த்தாள். சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். பின்வளவு சுத்தமாகவும் வெறுமையாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு ஃபோன் அடித்தது. அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும் நேரம். திரையில் இரத்தினம்மாவின் முகம் மிக அருகில், மூக்கும் கண்ணாடியுமாகத் தெரிந்தது. போனதிலிருந்து அவள் தானாக எடுத்தது அதுதான் முதல் தடவை.

"என்னடி பழனி, அந்த வால்கட்டைக் குருவி எங்க? ரெண்டு நாளாக் காணேல்லை."

பழனியம்மாவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "நீங்க பாத்தீங்களாம்மா?"

"பின்ன? இவன் எனக்கு ஒரு டெப்லெட் தந்து விட்டிருக்கிறான், நாடகம் பாக்க. நான் உங்கட கமராவைத்தான் பாக்கிறனான். அது ஆறுமணிக்குருவி. மாரி தொடங்க இந்தியாவில இருந்து கடல் தாண்டி வாறது. எங்க போட்டுது?"

"நாந்தாம்மா எல்லாத்தையும் கூட்டிட்டேன். தம்பி வேணாம்னு சொன்னாரு."

"அவன் கிடக்கிறான். நீ வை. அலேர்ட்டை நிப்பாட்டச் சொல்லி நான் சொல்லுறன்."

அன்று பக்கத்துத் தொடர்மாடியின் காவலாளியிடம் கேட்டு இரண்டு சாக்கு இலை வாங்கி வந்து ஜம்புமரத்தடியில் கொட்டினாள். இரண்டு நாளில் ஆறுமணிக்குருவி திரும்பி வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்கு ஃபோன் வரும். முப்பத்தெட்டு வருடத்தில் இரத்தினம்மா அவளோடு இவ்வளவு கதைத்ததில்லை. முன்பெல்லாம் அரிசி, மீன், சலவை என்று வேலைக்கான பேச்சுத்தான். இப்போது, "குக்குறுவான் ஒண்டு மற்றதுக்கு ஊட்டுது, கண்டனியே?" என்பாள். "இஞ்ச ஜன்னல் திறக்கேலாதடி. இவனும் மனிசியும் வேலைக்குப் போனா, பிறகு பொழுதுபடும் மட்டும் நானும் இந்தச் சுவரும்தான்," என்பாள். பழனியம்மா குசினிப் படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். கமராவைப் பார்க்க அவளுக்கு இப்போது கூச்சமில்லை. துணிகளைக்கூட வெளியே காயப்போடத் தொடங்கியிருந்தாள்.

நவம்பர் நடுவில், மழை விட்டிருந்த ஒரு காலையில், பேச்சுக்கு நடுவே இரத்தினம்மா கேட்டாள்: "பழனி, செல்லையா எண்டு ஒருத்தன் இருந்தானெல்லோ? ஹெவ்லொக் டவுனில டொக்டர் வீட்டுக் கார் ஓட்டினவன்."

முப்பத்திரண்டு வருடமாக அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"ஆமாம்மா. என்னைப் பொண்ணு கேட்டு வந்தாரு. பொறுத்துப் பாப்பம்னு சொல்லி அனுப்பினீங்க. அப்புறம் அவரு வரவே இல்ல."

"வந்தவன். ரெண்டாந்தரமும் வந்தவன். நல்ல மழை. கேற்றடியில நனைஞ்சுகொண்டு நிண்டவன். நீ கடைக்குப் போயிருந்தனீ. பழனிக்கு விருப்பமில்லையாம் எண்டு நான்தான் சொல்லி விட்டனான்." இரத்தினம்மாவின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "அபிஷன், கலியாணம் கட்டிப் பத்து வருசத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை. அப்ப ரெண்டு வயசு. உன்னை விட்டா ஒருத்தரிட்டயும் போகமாட்டான். நான் என்ன செய்யிறது சொல்லு? அது கிடக்கட்டும், அங்க பார், தேன்சிட்டு..."

"அடுப்புல பால் இருக்கும்மா," என்று சொல்லிப் பழனியம்மா ஃபோனை வைத்தாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டுக்குள் போய்ப் பின்பக்கக் கதவைப் பூட்டினாள். பின்வளவைப் பார்த்தபடி எந்நேரமும் திறந்தே கிடக்கும் மண்டபத்துக் கண்ணாடி ஜன்னல்களையும் சாத்தினாள். கமரா இல்லாத இடம் வீட்டின் உள்பக்கம் மட்டும்தான். தன் அறைத் தரையில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். செல்லையாவின் முகம்கூட அவளுக்குத் தெளிவாக வரவில்லை. வெள்ளைச் சேர்ட்டும், சிரிக்கும்போது வாயைக் கையால் மறைக்கும் பழக்கமும் மட்டும் நினைவிருந்தன. தன்னை அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அவரோ, அவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்த மழையில் திரும்பிப் போயிருக்கிறார்.

நாலு நாள் அவள் பின்வளவுக்குப் போகவில்லை. பழம் வைக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. காலையில் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது.

ஐந்தாம் நாள் விடியற்காலை மண்டபத்து ஜன்னலில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். சாத்திய கண்ணாடியில் மாமரமும் வானமும் அப்படியே தெரிந்தன. கீழே சுவரோரம் ஆறுமணிக்குருவி கிடந்தது. அவள் கதவைத் திறந்து ஓடிப்போய் எடுத்தாள். சூடாக, பஞ்சுபோல, எடையே இல்லாமல் இருந்தது. கண் திறந்திருந்தது. அலகு இரண்டு தரம் திறந்து மூடியது. விரலில் தண்ணீர் தொட்டு அலகில் வைத்தாள். பிறகு அதன் தலை அவள் உள்ளங்கையில் ஒரு பக்கமாகச் சரிந்தது.

"ஜன்னலைத் தொறந்து வச்சிருக்கலாமே," என்று அவள் சத்தமாகச் சொன்னாள். நாலு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. அழுகை வந்தது. குருவிக்காகவா, மழையில் நின்றவருக்காகவா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. ஜம்புமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்து இலையால் மூடினாள்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. இந்த முறை எடுத்தாள்.

"எங்கயடி போனனீ? நாலு நாளா அடிக்கிறன்!"

"சொகமில்லம்மா."

"காய்ச்சலோ? கொத்தமல்லி அவிச்சுக் குடி."

பழனியம்மாவிடம் நாலு நாளும் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனங்கள் இருந்தன. "அம்மா, அன்னைக்கு செல்லையாவப் பத்திச் சொன்னீங்களே..."

"எந்தச் செல்லையா?"

"கார் ஓட்டினவரு."

இரத்தினம்மா திரையில் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். அவள் நடிக்கவில்லை. "பேலியகொடையால மீன் கொண்டு வாறவனோ? அவன்ர பேர் வேறயெல்லோ." பிறகு முகம் தெளிந்தது. "அதை விடு. ஆறுமணிக்குருவி இப்பத்தான் வந்திட்டுப் போகுது. ஜம்புமரத்தடியில, அந்த இலைக்குள்ள. நீ காணேல்லையே?"

பழனியம்மாவின் நகக்கண்களில் இன்னும் மண் இருந்தது.

"கண்டேம்மா," என்றாள்.

"ஐயா கந்தோரால வந்தோண்ண சொல்லு. அவருக்கும் காட்டோணும்."

ஐயா இறந்துதான் ஒன்பது வருடமாகிவிட்டதே. தன்னுள் வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று பழனியம்மாவுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய ஆள் அந்தத் திரையில் இல்லை.

அன்று பின்னேரம் முழுக்க யோசித்துவிட்டு, அவளாகவே அபிஷனுக்கு எடுத்தாள்.

"தம்பி, அம்மாவ ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்க."

"ஏன்? அம்மா நல்லாத்தானே இருக்கிறா. வயசு போனா மறதி வாறதுதான் பழனியக்கா."

"இது மறதி இல்ல தம்பி. அந்தக் குருவி செத்துப்போச்சு. என் கையால பொதைச்சேன். அதுக்கப்புறம் வந்து நின்னுச்சுன்னு சொல்றாங்க. ஐயா ஆபீஸ்ல இருந்து வருவார்னு சொல்றாங்க. நீங்க காலையில போனா பொழுதுபட்டுத்தான் வர்றீங்க. நான் தெனம் பேசுறேன்."

"சரி, பாப்பம்," என்றான். அவன் நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

டிசம்பர் முதல் வாரம் இரத்தினம்மா வீட்டுச் செருப்போடு பனிக்குள் இறங்கிப் போய்விட்டாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், கேற்றைப் பூட்ட வந்தேன் என்று சொன்னாளாம். இரண்டு தெரு தள்ளி யாரோ பிடித்து வைத்திருந்து பொலிசுக்குச் சொன்னார்கள். டொக்டர்கள் மூளையைப் படம் எடுத்துப் பார்த்து நோயின் பெயரைச் சொன்னார்கள். அதைச் சொல்ல அபிஷன் எடுத்தபோது அவன் குரல் உடைந்திருந்தது.

"நீங்கள் சொல்லேக்க நான் கேட்டிருக்கோணும் பழனியக்கா."

"அழாதீங்க தம்பி," என்றாள். சின்ன வயதில் அவன் விழுந்தெழும்பும்போது சொல்லும் அதே குரலில்தான் வந்தது.

ஜனவரியில் இரத்தினம்மாவைப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள். காலை அழைப்புகள் நின்றன. பழனியம்மா ஆறரைக்குப் படியில் வந்து இருந்து, ஏழு மணிவரை இருந்துவிட்டு எழும்புவாள்.

ஒரு நாள் டோரின் மிஸ் தண்ணீர்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு மதிலடியில் நின்றபோது, பழனியம்மா கேட்டாள்: "மிஸ், முப்பது வருசத்துக்கு முன்னாடி செல்லையான்னு ஒரு டிரைவர் இங்க வந்தாரா? மழையில?"

நோயாளி சொன்னது உண்மையா, அதுவும் வெறும் குழப்பமா என்பதை அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

டோரின் மிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "வந்தான் சைல்ட். தெப்பமா நனைஞ்சு நின்னான். நான்தான் ஒரு குடை குடுத்தேன். அடுத்த நாள் திருப்பிக் கொண்டு வந்து தந்தான். தந்திட்டு, இந்த மதிலுக்கு மேலால உங்க வீட்டையே பாத்துக்கிட்டு நின்னான். உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"குவைத்துக்குப் போறேன்னு சொன்னான். அதுக்குப் பிறகு தெரியாது."

பழனியம்மா தலையாட்டினாள். டோரின் மிஸ் மதிலில் வைத்திருந்த அவள் கையின் மேல் தன் கையைச் சற்று நேரம் வைத்திருந்தாள்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அபிஷன் வீடியோவில் எடுத்தான். இல்லத்துக்கு அம்மாவைப் பார்க்க வந்திருந்தான். அவளுக்கு ஆட்களின் பெயர்கள் வருவதில்லை, ஆனால் பழைய குரல் ஏதும் கேட்டால் சற்று அமைதியாகிறாள் என்றான். திரையை அவள் பக்கம் திருப்பினான். இரத்தினம்மா மெலிந்திருந்தாள். தலைமயிரைக் குட்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள்.

"நான் கொஞ்சம் தண்ணி எடுத்துக்கொண்டு வாறன், கதையுங்கோ," என்று அபிஷன் எழும்பிப் போனான்.

"அம்மா," என்றாள் பழனியம்மா.

"ஆர்?"

"பழனி. செல்லையா வந்தாருன்னு நீங்க எனக்குச் சொல்லியிருக்கணும்மா. நான் போறேனா இல்லையான்னு நான்தான் சொல்லியிருக்கணும்."

அதைச் சொல்லிவிட்டோம் என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரத்தினம்மா திரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "ஓம்," என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆர் அது, செல்லையா?"

"ஒருத்தருமில்லம்மா."

அந்த நேரத்தில் புலுனிகள் மதிலுக்கு மேலால் ஒன்றின் பின் ஒன்றாகப் பாய்ந்து ஜம்புமரத்தடிக்கு இறங்கின. அந்தச் சத்தம் கேட்டதும் இரத்தினம்மாவின் கழுத்து நிமிர்ந்தது. பழனியம்மா ஃபோனைத் திருப்பி, கையை நீட்டிப் பிடித்தாள். ஏழு புலுனிகள். ஒன்று இலையை எறிந்தது. இரண்டு பக்கத்துப் பக்கமாக இருந்து ஒன்றின் கழுத்தை மற்றது கோதிவிட்டது. கை கடுத்தது. மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. அபிஷனின் குரல் கேட்டது. "போதும் பழனியக்கா. அம்மா நித்திரையாயிட்டா."

"சரி தம்பி."

"நீங்கள் சாப்பிட்டனீங்களே?"

"இல்ல, இனிமேதான்."

ஃபோன் நின்றது. புலுனிகள் சத்தம் போட்டுக்கொண்டு அடுத்த வளவுக்குப் போய்விட்டன. கரையோரமாக ஒரு ரயில் போனது. பழனியம்மா இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, ஒரு ஆளுக்குச் சோறு வைக்க உள்ளே போனாள்.